சென்னை வீட்டுக் குப்பை: சிங்க்கிலிருந்து பெருங்குடி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2022 ஏப்ரல் 27ஆம் தேதி பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது. முழுதாக அணையப் பல நாள் ஆனது. வேளச்சேரியில் எங்கள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகியும் தலையணை வரைக்கும் கருகல் வாடை வந்துவிட்டது. "எவன் போட்ட குப்பையோ, நாம மூச்சு விட முடியல" என்றார் பக்கத்து வீட்டு மாமி. எவன் போட்டது? எங்கள் வீட்டு இட்லி மாவு கவரும், ஊசிப்போன சாம்பாரும் வருடக் கணக்காகப் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

இந்த மாதிரி மேடுகள் ஏன் சுலபமாகத் தீப்பிடிக்கின்றன? சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்குக்கு அடியில் காற்றே படாமல் அழுகும்போது மீத்தேன் வாயு கிளம்புகிறது. அதன் மேலே காய்ந்த கவரும் துணியும் கிடக்கின்றன. வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். மழைக்காலத்தில் அதே அழுகல் கறுப்புச் சாறாக இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். பெருங்குடியை ஒட்டி இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022இல்தான் அதற்கு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது.

சென்னை மாநகராட்சியில் தினமும் சேரும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி என்று இரண்டு கிடங்குகள்தான் பல பத்தாண்டுகளாக அதைத் தாங்கி வந்திருக்கின்றன. அண்மைக் காலமாகப் பழைய குப்பையைத் தோண்டி, சல்லடையில் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் நடக்கிறது. பெருங்குடியில் சுமார் 34 லட்சம் கன மீட்டர், கொடுங்கையூரில் சுமார் 66 லட்சம் டன். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், எரிபொருளாக சிமெண்ட் ஆலைக்குப் போகும் பிளாஸ்டிக் ஒரு பக்கம். வீட்டில் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை முப்பது வருடம் கழித்துக் கோடிக் கணக்கில் செலவழித்து இயந்திரம் வைத்துச் செய்கிறார்கள்.

சில வருடங்களாக வீட்டில் பிரித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஈரமும் காய்ந்ததும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பழகிவிட்டால் மீதி எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

முதல் படி: ஒரு வாரம் எடை போடுங்கள்

தொட்டி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு வாரம், ராத்திரி சமையலறையை மூடும் முன் அன்றைய குப்பையைப் பழைய நாளிதழில் கொட்டி, கையுறை போட்டுக்கொண்டு குவியல் குவியலாக ஒதுக்குங்கள். லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் கவரோடு தொங்கவிட்டு எடை எழுதி வையுங்கள்.

நான்கு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த வாரம் மொத்தம் 11.5 கிலோ வந்தது. அதில் சமையலறைக் கழிவு மட்டும் 7.5 கிலோ. பழைய பேப்பர் கடைக்குப் போகக்கூடிய காகிதம், பால் கவர், டப்பா எல்லாம் 2.3 கிலோ. நாப்கின் வகை 400 கிராம். சிப்ஸ் கவர், கிழிந்த செருப்பு, பேனா என்று எதிலும் சேராதவை 1.3 கிலோ. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் பெரும்பங்கு ஈரக் கழிவாகத்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டலாம்.

இரண்டாம் படி: இரண்டு தொட்டி, ஒரு பை, ஒரு டப்பா

2026 ஏப்ரலில் புது விதிகள் வரும் வரை இருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு. நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நம் ஊரில் பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காததற்கு.

நடைமுறையில் இப்படி வையுங்கள். சிங்க் பக்கத்தில் மூடி போட்ட சின்னப் பச்சைத் தொட்டி, ஐந்து லிட்டர் போதும். பெரிதாக வாங்கினால் இரண்டு நாள் கொட்டாமல் விடத் தோன்றும், மூன்றாம் நாள் நாறும். காய்ந்ததற்கு பால்கனியிலோ வாஷிங் மெஷின் பின்னாலோ ஒரு பெரிய சாக்குப் பை. குளியலறையில் சின்னத் தொட்டி ஒன்று. பேட்டரி, மாத்திரை, பல்பு போட அலமாரியின் மேல் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா. அவ்வளவுதான். கலர் கலராக ஐந்து தொட்டி வாங்கி வரிசையாக வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் அதில் ஒன்றில் வெங்காயம் இருக்கும், இன்னொன்றில் துணி கிளிப்.

பச்சைத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்காதீர்கள். நாளிதழை மடித்து அடியில் போட்டால் போதும். "மக்கும் கவர்" என்று அச்சடித்து விற்பதை நம்பியும் வாங்க வேண்டாம். அவற்றில் பல, பெரிய உர ஆலையின் சூட்டில்தான் மக்கும். நம் வீட்டு உரப் பானையில் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

மூன்றாம் படி: சிங்க்

குப்பை பிரிப்பது தொட்டியில் தொடங்குவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் சிங்க்கில்தான். சாம்பார் மிச்சம், ரசத்து மண்டி, காபி டிகாஷன் சக்கை இவற்றை நீரோடு தொட்டியில் கொட்டினால் அடியில் தண்ணீர் தேங்கும், புழு வைக்கும், நாற்றம் வரும், தூக்கும்போது படியெல்லாம் ஒழுகும். பழைய டீ வடிகட்டியோ ஓட்டை விழுந்த இட்லித் தட்டோ ஒன்றை சிங்க் ஓரம் வைத்து, எல்லாவற்றையும் அதில் வடித்த பிறகே தொட்டியில் போடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் "குப்பையை யார் கொட்டுவது" என்ற சண்டை நின்றது.

பொரித்த எண்ணெயை மட்டும் சிங்க்கில் ஊற்றவே கூடாது. ஆறியதும் பாட்டிலில் சேர்த்து வையுங்கள். கொஞ்சமாக இருந்தால் பழைய பேப்பரில் துடைத்து எடுத்துவிடலாம்.

பால் கவரைக் கழுவுவதும் இங்கேதான். அதை வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டைப் பொறுக்கியெடுக்க ஆள் கிடையாது. அது உரத்திலும் வரும், சாக்கடையிலும் வரும். கீறிய கவரைக் கழுவி, ஜன்னல் கம்பியில் குப்புற மாட்டினால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

நான்காம் படி: காய்ந்த குப்பையில் எது காசாகும், எது ஆகாது

ஒருமுறை மகளின் பழைய நோட்டுகளைக் காயலான் கடைக்கு எடுத்துப் போனேன். கட்டின் நடுவில் சாம்பார் ஒழுகிய நான்கு நோட்டு இருந்தது. கடைக்காரர் கட்டைப் பிரித்து அதை மட்டும் தரையில் தள்ளிவிட்டார். "நனைஞ்சா வெயிட் கூடும் சார், ஆனா மில்லுல எடுக்க மாட்டான்." அந்த நான்கோடு ஒட்டியிருந்த நல்ல நோட்டுகளையும் சேர்த்துத் தள்ளினார். நான்கு கரண்டி சாம்பாருக்கு இரண்டு கிலோ காகிதம் போயிற்று. லாரியில் எல்லாக் குப்பையும் ஒன்றாக நசுங்கும்போது ஊர் முழுக்க நடப்பதும் இதுதான்.

கடையில் எடுப்பவை: நாளிதழ், நோட்டு, அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, எண்ணெய் கேன், கழுவிய பால் கவர், பிளாஸ்டிக் வாளி, இரும்பு, அலுமினியம், தாமிரக் கம்பி. பிளாஸ்டிக் சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 2 என்றால் கெட்டியான ஷாம்பு டப்பா, கேன் வகை, 4 பால் கவர் மாதிரி மெல்லிய பை, 5 ஹோட்டல் பார்சல் டப்பா, வாளி வகை. இந்த நான்கும் பெரும்பாலும் விலை போகும். 3 பி.வி.சி., 6 தெர்மாகோல் வகை, 7 இதரவை. இவற்றுக்கு எல்லாக் கடையிலும் மதிப்பு கிடையாது. பார்சல் டப்பாவைக் குழம்பு போகக் கழுவிக் கொடுத்தால்தான் எடுப்பார்கள்.

யாரும் எடுக்காதவை: சிப்ஸ், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே, பற்பசை டியூப். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருப்பதால் இவற்றைப் பிரித்து உருக்க முடியாது. ஜூஸ் அட்டைப்பெட்டியும் இப்படித்தான், காகிதமும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியது. இவற்றைக் காய்ந்த நிலையில் நீலத் தொட்டிக்குக் கொடுத்தால் சிமெண்ட் சூளையில் எரிபொருளாகப் போக வாய்ப்புண்டு. ஈரமாகக் கொடுத்தால் அதற்கும் ஆகாது.

கடையில் வாங்கும் கவரைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தடை, தடிமன் எவ்வளவாக இருந்தாலும். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" தொடங்கியது. அப்புறம் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமே வந்துவிட்டது. இருந்தும் மீன்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் கவர் வராமல் இல்லை. மீனுக்கு ஒரு தூக்குவாளி எடுத்துப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. முதல் நாள் கூச்சமாக இருக்கும்.

ஐந்தாம் படி: நாப்கின், டயப்பர், கண்ணாடி, ஊசி

நாப்கினையும் டயப்பரையும் நாளிதழில் இறுக்கமாகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். புனேயில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களின் ஸ்வச் கூட்டுறவு பரப்பிய வழி இது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். கழிப்பறைக்குள் போட்டு நீர் ஊற்றாதீர்கள். அடைத்த பாதாளச் சாக்கடையை எடுக்க வருவதும் ஒரு மனிதர்தான்.

உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் கெட்டி அட்டையில் சுற்றி, "கண்ணாடி" என்று எழுதுங்கள். வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் இருந்தால் ஊசிகளைத் திருகு மூடி போட்ட கெட்டியான டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் மூடி மேல் டேப் ஒட்டித் தனியாகக் கொடுங்கள்.

ஹார்லிக்ஸ் டப்பாவில் சேர்ந்தவை மாதக் கணக்கில் அங்கேயே இருக்கலாம், அவசரமில்லை. சி.எஃப்.எல். பல்பிலும் டியூப் லைட்டிலும் பாதரசம் உண்டு, உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மொபைல், பவர் பேங்க் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய சார்ஜர், ஒயர், ரிமோட்டை எடைக்குப் போட மனம் வரும். போடாதீர்கள். எங்கோ ஒரு சந்தில் தாமிரத்துக்காக அந்த ஒயரை எரிப்பார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரித்த நிறுவனங்களே பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் மூலம் இவற்றைக் கையாளப் பொறுப்பேற்க வேண்டும். புதுப் பொருள் வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் கேளுங்கள்.

ஆறாம் படி: உரப் பானை

7.5 கிலோவைக் குறைக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மூடியுள்ள மூன்று பானைகள், அல்லது 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் மூன்று. பக்கவாட்டிலும் அடியிலும் விரல் நுனி அளவுக்கு ஓட்டைகள் போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். முதலில் தேங்காய் நாரை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். தினமும் வடித்த சமையலறைக் கழிவைப் போட்டு, அதே அளவுக்குக் காய்ந்தது போடுங்கள்: தென்னைநார்த் தூள், சருகு, கிழித்த பழுப்பு அட்டை எதுவானாலும். அளவு என்றால் கை அளவு, எடை அல்ல. கழிவில் தழைச்சத்தும் ஈரமும் அதிகம், சருகில் கரிமச்சத்து அதிகம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு முப்பது பங்கு வரை கரிமம் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் நிம்மதியாக வேலை செய்யும்.

வாரம் ஒருமுறை ஒரு டம்ளர் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கிளறுங்கள். நடுவில் கை வைத்தால் சூடு தெரிய வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் தூள் போடுங்கள், ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பானை நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள். சென்னை வெயிலுக்கு 45 முதல் 60 நாளில் மழை பெய்த மண் வாசனையோடு உரம் தயார். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் சில வாரம் கூடும். மூடிக்கு மேல் ஒரு தகரம் போடுங்கள்.

போடக்கூடாதவை: எலும்பு, எண்ணெய்க் குழம்பு, கொட்டாங்குச்சி, மாங்கொட்டை. சோறு நிறைய மிஞ்சினால் மெல்லியதாகப் பரப்பிப் போடுங்கள், உருண்டையாகப் போட்டால் பசையாகி நாறும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். எலுமிச்சைத் தோல் கொஞ்சம் என்றால் பரவாயில்லை.

என் முதல் பானை படுதோல்வி. தூள் போடக் கஞ்சத்தனம் பட்டு, தர்பூசணித் தோலாகப் போட்டுத் தள்ளினேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் விரல் நுனி நீளத்தில் பழுப்புப் புழுக்கள் நெளிகின்றன. பயந்து அப்படியே மூடிவிட்டேன். மறுநாள் அவை பால்கனித் தரையில் ஊர்ந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டன. மாமி என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். உள்ளே ஈரம் அதிகமானால் அது வெளியே வரும். இரண்டு கை தூள் போட்டுக் கிளறினேன், அடங்கிவிட்டது. சமாதானத்துக்கு மாமி வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு இரண்டு கிலோ உரம் போயிற்று.

இடமே இல்லாதவர்கள் மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுத்தாலே பெரிய உதவி. மாநகராட்சியின் உரக் கூடங்களுக்கு வேண்டியது பிளாஸ்டிக் கலக்காத ஈரக் குப்பைதான்.

ஏழாம் படி: கொடுக்கும் நேரம்

பேட்டரி வண்டியோடு எங்கள் தெருவுக்கு ஓர் அக்கா வருவார். காலை ஏழரைக்கு விசில் சத்தம் கேட்கும். முதல் வாரம் இரண்டு கவரையும் நீட்டியபோது, "பச்சையை இங்க கொட்டிட்டு கவரை எடுத்துக்கோ தம்பி, கவரோட போட்டா நான்தான் கிழிச்சுப் பிரிக்கணும்" என்றார். இந்த ஒன்றை மட்டும் கேட்டு நடந்தால் அவருக்கு மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், ஒரு தெருவில் எத்தனை வீடு!

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகத்தானே போடுகிறார்கள்?" என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். சில தெருக்களில் அது நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஈரக் கழிவு பானையிலும் காகிதம் கடையிலும் இருந்தால், லாரியில் கலக்க என்ன மிச்சம்? கலப்பதைப் பார்த்தால் அந்தத் தொழிலாளியிடம் கத்தாதீர்கள். வண்டியில் தடுப்பு இருக்கிறதா, எத்தனை வீட்டுக்கு ஒரு வண்டி என்று தீர்மானிப்பவர் அவர் அல்ல. நாள், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 1913க்குச் சொல்லுங்கள், அல்லது நம்ம சென்னை செயலியில் படத்தோடு போடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

எட்டாம் படி: பெரிய சாமான், கட்டட இடிபாடு, போகி

பழைய மெத்தை, சோபா, உடைந்த டைல்ஸ் இவற்றைத் தெருமுனைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருட்டில் போட்டுவிட்டு வருவது ஊர் வழக்கமாகிவிட்டது. மறுநாளே அதன் மேல் மற்றவர்களும் போட ஆரம்பிப்பார்கள். கட்டட இடிபாட்டுக்கு 2016 முதல் தனி விதிகளே இருக்கின்றன. அது மழைநீர் வடிகாலில் இறங்கினால் ஐப்பசியில் உங்கள் தெருவில்தான் தண்ணீர் நிற்கும். இதற்கும் 1913தான். மேஸ்திரியிடம் வேலை பேசும்போதே இடிபாடு எங்கே போகும் என்று கேட்டு, செலவையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

போகிக்குப் பழையதை எரிப்பவர்களுக்கு: 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. டயரும் ரெக்சினும் அந்தக் காலத்துப் பழைய பாய், கிழிந்த முறம் அல்லவே. துணியைத் துவைத்துக் கொடுத்தால் கட்டிக்கொள்ள ஆள் இருக்கிறது.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு

2016 விதிகளின்படி நாளொன்றுக்கு சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடம் பெருமளவு கழிவு உருவாக்குவோர் பட்டியலில் வந்தது. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் முடிந்தவரை ஈரக் கழிவை உள்ளேயே கையாள வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு 11.5 கிலோவை ஏழால் வகுத்தால் நாளுக்கு 1.6 கிலோ. அதே கணக்கில் 61 வீடு சேர்ந்தாலே 100 கிலோவைத் தாண்டிவிடும்.

சங்கக் கூட்டத்தில் முதல் நாளே இயந்திரம் வாங்கும் பேச்சை எடுக்காதீர்கள். லட்சக் கணக்கில் வாங்கிய இயந்திரம் ஆறே மாதத்தில் ஜெனரேட்டர் அறையில் தூசி படிந்து நிற்பதை ஓரிடத்தில் பார்த்தேன். கரண்ட் பில் பார்த்து நிறுத்திவிட்டார்களாம். கம்பி வலைத் தொட்டிகள் நான்கு, சருகு, கிளற ஓர் ஆள், அவருக்குச் சம்பளத்தோடு கையுறையும் பூட்ஸும். இதில் தொடங்குங்கள். முதல் மாதம் பத்து வீடு போதும். மற்றவர்கள் உரம் கேட்டு வருவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம்.

கடைசிப் படி: மறுபடியும் எடை

மூன்று மாதம் கழித்து அதே தராசை எடுங்கள். எங்கள் வீட்டில் ஈரக் கழிவு பானைக்குப் போய், காய்ந்தது கடைக்குப் போய், வாரத்துக்கு வண்டியில் ஏறியது 1.6 கிலோ. நாப்கின் போக மீதியில் பெரும்பகுதி சிப்ஸ், பிஸ்கட் கவர். சிப்ஸை நிறுத்தலாம் என்றேன், மகள் ஒத்துக்கொள்ளவில்லை. மூலைக் கடையில் சூடாகப் பொரித்துக் காகிதத்தில் மடித்துத் தரும் நேந்திரம் சிப்ஸுக்கு மாறுவதாக இப்போது பேச்சுவார்த்தை நடக்கிறது.